பழைய மோட்டார் சைக்கிளுக்கு எஃகுப் பின்னல் பிரேக் லைன்: ஹோஸை விட முனைகளில்தான் ஆபத்து

சீரமைப்புக்கு வரும் பழைய மோட்டார் சைக்கிள்களில் பேட், டிஸ்க், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் சீல் ஆகியவை ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்கும். லீவரை இழுக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து காலிப்பருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ் மட்டும் பெரும்பாலும் வண்டி தயாரான நாளில் பொருத்தப்பட்டதாகவே இருக்கும். பல தயாரிப்பாளர்களின் பராமரிப்பு அட்டவணை பிரேக் ஆயிலை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ரப்பர் ஹோஸை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கிறது. முதலாவதையே பலர் செய்வதில்லை. இரண்டாவது அட்டவணையில் இருப்பதே பலருக்குத் தெரியாது.

ரப்பர் ஹோஸ் வெளியே வெடிப்பு விடுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். உள்ளே நடப்பதுதான் ஏமாற்றும். உட்சுவர் உப்பியோ உரிந்தோ வழியை அடைக்கும்போது, நாம் பிரேக் பிடிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் அந்த அடைப்பைத் தாண்டிக் காலிப்பருக்குப் போய்விடுகிறது. ஆனால் லீவரை விட்ட பிறகு பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும் சீலின் மெல்லிய விசைக்கு அந்த ஆயிலைத் திருப்பி அனுப்பும் வலு இல்லை. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், டிஸ்க் சூடேறும், சக்கரம் கையால் சுழற்றினால் நகராது. காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிய சீல் போட்ட பிறகும் இந்தக் கோளாறு தொடர்ந்தால் ஹோஸைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இப்படி ஹோஸை மாற்ற வேண்டிய கட்டத்தில், மூலப் பாகம் கிடைக்காததாலோ, ஹேண்டில்பாரை உயர்த்திவிட்டதால் பழைய நீளம் போதாமலோ, பலர் எஃகுப் பின்னல் ஹோஸையும் அதை இரு பக்கமும் இணைக்கும் உலோக முனைகளையும் தனித்தனியே வாங்கி, தாங்களே லைன் செய்துகொள்ள முற்படுகிறார்கள். முறையாகச் செய்தால் இது நல்ல தீர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த வேலையில் கவனம் முழுவதும் பளபளக்கும் ஹோஸின் மீது போய்விடுகிறது. பிழையோ, அநேகமாக எப்போதும், ஹோஸ் முடிந்து முனை தொடங்கும் இடத்தில் நிகழ்கிறது.

ஹோஸின் உள்ளே இருப்பது டெஃப்லான் குழாய். அதன் உள்விட்டம் மோட்டார் சைக்கிள்களுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. அதன்மேல் துருப்பிடிக்காத எஃகு இழைகள் இறுக்கமாகப் பின்னப்பட்டிருக்கும். தரமான ஹோஸில் பின்னலுக்கு மேல் பிளாஸ்டிக் உறையும் உண்டு. டெஃப்லான் ஈரத்தை எளிதில் ஊடுருவ விடாது, பிரேக் ஆயிலால் பாதிக்கப்படாது. எஃகுப் பின்னலோ அழுத்தத்தில் குழாய் விரியாமல் தடுக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் விரிவதில் வீணாகும் லீவர் நகர்வு இதனால் குறைகிறது.

அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. லைனை மாற்றியதால் பிரேக்கின் பிடிப்பு விசை கூடுவதில்லை. லீவர் உறுதியாகத் தெரிவது வேறு, வண்டி விரைவாக நிற்பது வேறு. கையின் விசை எவ்வளவு பெருகும் என்பதை, லீவரின் நெம்புவிகிதமும் (லீவர் அதைப் பெருக்கும் மடங்கு), மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் காலிப்பர் பிஸ்டனுக்கும் உள்ள பரப்பளவு விகிதமும்தான் தீர்மானிக்கின்றன. துருவேறிய காலிப்பர் பிஸ்டனும் தேய்ந்த மாஸ்டர் சிலிண்டர் சீலும் புதிய லைனால் குணமாவதில்லை.

உள்ளே எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் முனைகளைப் பற்றிய என் எச்சரிக்கை புரியும். 14 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் பரப்பு சுமார் 1.54 சதுர சென்டிமீட்டர். லீவரை 20 கிலோ விசையில் இழுத்து, லீவரின் நெம்புவிகிதம் 5 என்று கொண்டால், பிஸ்டன் மீது 100 கிலோ விழுகிறது. ஆயிலின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ, அதாவது சதுர அங்குலத்துக்கு 900 பவுண்டுக்கு (பி.எஸ்.ஐ.) சற்று மேல். அவசரத்தில் கை இதைவிட அதிகமாகவும் இழுக்கும். அமெரிக்காவின் பிரேக் ஹோஸ் தரவிதியான எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 106, முனைகளோடு சேர்ந்த ஹோஸ் 4,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை 2 நிமிடம் தாங்க வேண்டும் என்றும், 3 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த உள்விட்டமுள்ளது 7,000 பி.எஸ்.ஐ.க்குள் வெடிக்கக் கூடாது என்றும், அசைவு இயந்திரத்தில் 35 மணி நேரம் தொடர்ந்து வளைத்தாலும் சிதையக் கூடாது என்றும் கேட்கிறது. இந்தச் சோதனைகள் எல்லாம் முனை பொருத்தப்பட்ட முழு லைனுக்கானவை என்பதைக் கவனிக்க வேண்டும். சோதிக்கப்பட்ட ஹோஸை வாங்கி வந்து, வீட்டு மேசையில் முனை போட்டால், அந்தச் சான்று நம் இணைப்புக்குப் பொருந்தாது.

முனைகள் இருவகை. இயந்திரத்தால் நசுக்கிப் பொருத்துவது ஒன்று. இதைக் கைக்கருவியால் செய்ய முடியாது, ஒப்பேற்றவும் கூடாது. மற்றது, ஆலிவ் எனப்படும் சிறு உலோக வளையத்தைக் கொண்டு மரையால் இறுக்குவது. இதில் வெளி நட்டை முதலில் ஹோஸில் கோத்துவிட்டு, பின்னலை விரித்து, பின்னலுக்கும் டெஃப்லான் குழாய்க்கும் இடையில் ஆலிவைச் செலுத்தி, முனையின் கூரிய தண்டைக் குழாய்க்குள் நுழைத்து இறுக்க வேண்டும். ஒரேயொரு எஃகு இழை ஆலிவுக்குள் மாட்டிக்கொண்டாலும் அது டெஃப்லானைக் கீறி, நாளடைவில் கசிவுக்கு வழிசெய்யும். குழாயின் விளிம்பு ஆலிவின் உட்படியில் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கழற்றிய முனையை மீண்டும் பயன்படுத்தலாம் என்று விற்பவர் சொல்வது உண்மைதான்; ஆனால் ஆலிவ் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும், குழாயின் நசுங்கிய நுனியும் வெட்டி நீக்கப்பட வேண்டும். அப்படி வெட்டும்போது லைன் குட்டையாகிவிடும் என்பதைப் பலர் வெட்டிய பிறகே உணர்கிறார்கள்.

வெட்டுவதிலும் பொறுமை தேவை. வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கமாகச் சுற்றி, அந்த டேப்பின் நடுவே மெல்லிய வெட்டுச் சக்கரத்தாலோ கூரிய கேபிள் வெட்டியாலோ ஒரே நேராக வெட்ட வேண்டும். ஹாக்ஸா பிளேடு இழைகளைப் பிய்த்துவிடும். சக்கரத்தால் வெட்டினால் உலோகத் துகள் குழாய்க்குள் போகும். அதைச் சுத்தமான பிரேக் ஆயிலாலோ பிரேக் கிளீனராலோ அலசி, காற்றால் ஊதி வெளியேற்றாவிட்டால், அது நேராக மாஸ்டர் சிலிண்டர் சீலுக்கோ காலிப்பருக்கோ போய்ச் சேரும்.

அடுத்து மரை. பழைய வண்டிகளில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். ஹோஸின் வளையக் கண் போன்ற முனையை (பான்ஜோ) இறுக்கும் பான்ஜோ போல்ட்டில் 10 மி.மீ. விட்டத்தில் 1.0 மி.மீ. மரை இடைவெளியும் உண்டு, 1.25 இடைவெளியும் உண்டு. ஜப்பானிய வண்டிகளில் 1.25 மிகுதி. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் 3/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 மரையும் கொண்ட அளவு அதிகம். 3/8 அங்குலம் என்பது 9.5 மி.மீ.யைச் சற்றே தாண்டியது. அதன் மரை இடைவெளி ஏறத்தாழ 1.06 மி.மீ. ஆகையால் அந்த போல்ட் 10 மி.மீ., 1.0 துளைக்குள் தொளதொளவென்று ஏறிவிடும், இறுகியது போன்ற உணர்வையும் தரும். முதல் பலமான பிரேக்கில் அலுமினிய மரையை உரித்துக்கொண்டு வெளியே வர அதற்குத் தடையேதும் இல்லை. மரை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல், பார்வையால் மட்டும் போல்ட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வண்டி இதற்கு முன் பலர் கைமாறியிருந்தால், மாஸ்டர் சிலிண்டர் ஒரு வண்டியுடையதும் காலிப்பர் வேறொன்றுடையதுமாக இருக்கக்கூடும். இரு முனையையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

1969இல் வந்த ஹோண்டா சி.பி. 750 காலத்து வடிவமைப்புகளில், மேலிருந்து வரும் ஹோஸ் வழியில் ஒரு சந்திப்புக் கட்டையில் முடிந்து, கடைசித் துண்டு உலோகக் குழாயாகக் காலிப்பருக்குச் செல்வதைக் காணலாம். இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு ஒரே நீள லைன் போட விரும்புவோர் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். உலோகக் குழாய்க்காகச் செய்த துளையின் அடியில் கூம்பு வடிவ இருக்கை இருக்கும். துளையின் வாய்ப்பகுதியோ வாஷர் படியும்படி கடைசல் செய்த தட்டையான பரப்பாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அங்கே பான்ஜோவைப் பொருத்தினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். கூம்புக்கு ஏற்ற முனையே வேண்டும். அந்த முனையிலும் 37 பாகைக் கூம்பும் 45 பாகைக் கூம்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டாவதாக, சந்திப்புக் கட்டையில் பிரேக் விளக்கை எரியச் செய்யும் அழுத்த ஸ்விட்ச் இருந்தால், கட்டையோடு அதுவும் போய்விடும். பின்னால் வருபவருக்கு நாம் நிறுத்துவது தெரியாமல் போகும். ஸ்விட்ச்சோடு கூடிய பான்ஜோ போல்ட் கிடைக்கிறது. அதைத்தான் போட வேண்டும்.

நீளத்தை அளக்க, வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாமல் ஃபோர்க் முழுதும் நீண்டிருக்கும் நிலையில், ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் எடுத்த அளவு குட்டையாகவே இருக்கும். ஒரு பழைய கேபிளையோ கெட்டியான கம்பியையோ உத்தேசப் பாதையில் வளைத்து, ஒரு பான்ஜோ கண்ணின் மையத்திலிருந்து மறு கண்ணின் மையம் வரை அளப்பது நம்பத்தகுந்த முறை. மிக நீளமாக விட்டாலும் தொல்லைதான்; ஃபோர்க் அமுங்கும்போது ஹோஸ் புடைத்துச் சக்கரத்தில் உரசும். இரு கண்களும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் டெஃப்லான் குழாய் வளைவதைப் பொறுக்கும், முறுக்குவதைப் பொறுக்காது. கோணம் பொருந்தாத லைனை முறுக்கி மாட்டினால், இரு முனைகளும் ஓயாமல் அந்த இழுப்பைத் தாங்க நேரிடும். ஒருமுறை மடிந்து கோடு விழுந்த ஹோஸை நிமிர்த்திப் பயன்படுத்தவே கூடாது.

உறையில்லாத பின்னல், அரம்போல், தான் உரசும் எதையும் அறுக்கும். பெயிண்ட், ஒயரின் உறை, அலுமினியம் எதுவும் தப்பாது. எனவே பிளாஸ்டிக் உறையுள்ளதையே வாங்க வேண்டும், ரப்பர் பதித்த கிளாம்பால் ஃபோர்க்கில் பிடித்துவைக்க வேண்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு அலுமினிய முனைகளை நான் பரிந்துரைப்பதில்லை. சில கிராம் எடை குறைவதற்காக அரிப்பையும் மெலிந்த மரையையும் ஏற்பதில் பொருளில்லை.

பான்ஜோவின் இரு பக்கமும் ஒவ்வொரு வாஷர், ஒரே போல்ட்டில் இரண்டு பான்ஜோ என்றால் மூன்று வாஷர், ஒவ்வொரு முறையும் புதியவை. வண்டியின் கையேட்டில் சொன்ன டார்க் (திருகுவிசை) அளவுக்கு இறுக்க வேண்டும். கசிகிறதே என்று மேலும் மேலும் திருகுவது, உள்ளே துளையிடப்பட்டிருப்பதால் ஏற்கெனவே வலு குறைந்த அந்த போல்ட்டை முறித்துவிடும்.

ஆயிலை நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பிறகு, லீவரைத் தன் முழு பலத்தோடு சில நிமிடம் அழுத்திப் பிடித்து, அது மெதுவாக உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் லீவரை ஹேண்டில்பாரோடு கட்டி ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் தெரியும். ஆனால் இது கைபலத்தின் சோதனை மட்டுமே. அழுத்தமேற்றிச் சோதிக்கும் கருவியுள்ள ஹைட்ராலிக் ஹோஸ் பணிமனையில், திரவத்தால், லைனைத் தனியாகச் சோதிக்கச் செய்யாமல் வேகமெடுத்து ஓட்டக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. கம்ப்ரெஸர் காற்றால் சோதிப்பது அறவே கூடாது; இணைப்பு விட்டுப்போனால் அமுங்கிய காற்று முனையைத் தோட்டா வேகத்தில் வீசும்.

அந்த வசதி இல்லாதவர்கள், சரியான அளவையும் கோணத்தையும் எழுதிக் கொடுத்து, இயந்திரத்தால் நசுக்கிச் சோதித்துச் சான்றோடு தரும் இடத்தில் லைனைச் செய்து வாங்கலாம். அப்போதும் அளவெடுப்பது, மரையைச் சரிபார்ப்பது, பாதையை அமைப்பது ஆகிய வேலைகள் உங்களுடையவையே.

புதிய லைனோடு முதலில் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, திரும்பி வந்ததும் இணைப்புகளைத் துடைத்துப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு முறை பிரேக் ஆயில் மாற்றும்போதும் முனைக்கு அருகே உறை வெடித்திருக்கிறதா, இழைகள் முறிந்து நீட்டிக்கொண்டிருக்கின்றனவா, உறைக்கடியில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். இம்மூன்றில் எது தென்பட்டாலும், அந்த இணைப்பை மேலும் இறுக்கிப் பார்க்க வேண்டாம். லைனையே கழற்றிவிட்டு வேறு போடுங்கள்.