தாயின் இடுப்பெலும்பு: முறிவில் மரபணுவின் பங்கு எவ்வளவு?

அடுத்த பத்து ஆண்டுகளில் ஒருவருக்கு எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்க மருத்துவர்கள் ஃப்ராக்ஸ் என்ற கணிப்பானைப் பயன்படுத்துகிறார்கள். 2008-ல் வந்தது. வயது, எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, ஸ்டீராய்டு மருந்து என்று நீளும் அதன் பட்டியலில் பரம்பரையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் உண்டு: உங்கள் தாய்க்கோ தந்தைக்கோ இடுப்பெலும்பு முறிந்திருக்கிறதா? மரபணு முழுவதையும் படித்துவிட முடிகிற இந்தக் காலத்திலும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு.

அமெரிக்காவில் 1986-ல் தொடங்கிய ஓர் ஆய்வில் பால்டிமோர், மினியாபொலிஸ், போர்ட்லாந்து, பிட்ஸ்பர்க் அருகிலுள்ள மோனங்கஹேலா பள்ளத்தாக்கு ஆகிய இடங்களிலிருந்து 65 வயதைத் தாண்டிய 9,704 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். 1995-ல் வந்த முடிவுகளின்படி, தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தால் மகளுக்கும் முறியும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. எலும்பின் அடர்த்தியைக் கணக்கில் சேர்த்த பிறகும் இந்த வேறுபாடு பெருமளவு நின்றது. ஆக, தாயிடமிருந்து வருவது மெலிந்த எலும்பு மட்டும் அல்ல. தொடை எலும்புக் கழுத்தின் நீளம், எலும்பின் அகலம், புறச்சுவரின் தடிமன் போன்றவையும் குடும்பத்தோடு வருகின்றன.

இது உடலுக்குள் எப்படி நடக்கிறது? எலும்பு ஓயாமல் பழுதுபார்க்கப்படும் திசு. ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் செல்கள் அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்புகின்றன. கரைக்கச் சில வாரங்கள் போதும், நிரப்ப மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இந்த வேக வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் வேர். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரஜன் குறையும்போது ஒரே நேரத்தில் பறிக்கப்படும் குழிகளின் எண்ணிக்கை கூடுகிறது. நிரப்பும் வேலை பின்தங்குகிறது. உள்ளே கடற்பஞ்சு போல இருக்கும் பகுதியில் மெல்லிய குறுக்குக் கம்பிகள் அறுந்துவிட்டால், அவற்றை மறுபடி இணைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. முதுகெலும்பும் இடுப்பும் மணிக்கட்டும் முதலில் அடிபடுவது இதனால்தான்.

மரபணுக்கள் இதில் இரண்டு இடங்களில் புகுகின்றன. ஏறத்தாழ 30 வயதுக்குள் எவ்வளவு எலும்பைச் சேர்த்து வைக்கிறோம் என்பது ஒன்று, அதன் பிறகு எவ்வளவு வேகமாக இழக்கிறோம் என்பது மற்றொன்று. முதல் இடத்தில்தான் அவற்றின் பிடி வலுவானது. ஒருகரு இரட்டையரையும் இருகரு இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகள், எலும்பு அடர்த்தியில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 50 முதல் 85 சதவீதம் வரை மரபுவழி என்கின்றன. இந்த எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘என் எலும்பில் முக்கால் பங்கு தலைவிதி’ என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு கூட்டத்தில் மனிதர்கள் ஒருவரிலிருந்து ஒருவர் ஏன் மாறுபடுகிறார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

எந்த மரபணு என்று தேடப் போனவர்கள் முதலில் சறுக்கினார்கள். வைட்டமின் டி ஏற்பி மரபணுவில் உள்ள ஒரு வேறுபாடே எலும்பு அடர்த்தியின் மரபுப் பங்கில் பெரும்பகுதியை விளக்கிவிடும் என்று 1994-ல் ஓர் ஆய்வு அறிவித்தது. 1997-ல் அந்த ஆய்வாளர்களே தங்கள் முடிவைத் திருத்தினார்கள். 2006-ல் ஐரோப்பாவில் 26,000-க்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது, அந்த வேறுபாட்டுக்கும் எலும்பு அடர்த்திக்கும் தொடர்பே தெரியவில்லை. சிலநூறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றை மரபணுவைத் தேடினால் இப்படித்தான் ஆகும். இன்றும் இந்த மரபணுவைச் சோதித்து எலும்பு வலிமையைச் சொல்வதாக யாராவது கட்டணம் கேட்டால், கொடுக்க வேண்டாம்.

உண்மை நிலவரம் 2018-ல் தெளிவானது. பிரிட்டன் மக்களின் உடல்நலத் தகவலையும் மரபணுத் தகவலையும் சேர்த்து வைத்திருக்கும் யூகே பயோபேங்க் தரவிலிருந்து 4,26,824 பேரின் குதிகால் எலும்பு அல்ட்ராசவுண்ட் அளவுகளை ஆராய்ந்தபோது, மரபணுத் தொகுதியில் 518 இடங்கள் எலும்பு அடர்த்தியோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. ஒவ்வோர் இடத்தின் பங்கும் துளிதான். அத்தனையையும் கூட்டினாலும் வேறுபாட்டில் 20 சதவீதம் அளவே விளங்குகிறது.

ஆனால் அந்தத் துளிகள் திரும்பத் திரும்ப ஒரே வாசல்களைச் சுட்டுகின்றன. கட்டும் செல்லின் மேற்பரப்பில் எல்ஆர்பி5 என்றொரு புரதம் நிற்கிறது. ‘எலும்பைக் கட்டு’ என்ற வின்ட் சமிக்ஞை அதன் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணு முற்றிலும் செயலிழந்தால் குழந்தைப் பருவத்திலேயே எலும்பு நொறுங்கும், பார்வையும் பறிபோகும். அதிலேயே வேறொரு மாற்றம் நேர்ந்தால் எலும்பு அசாதாரணமாக உறுதியாகிறது. எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் ஸ்க்ளெரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்து இந்த வாசலைப் பூட்டுகின்றன. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றிலும், நெதர்லாந்தில் முன்பு தீவாக இருந்த உர்க் என்ற மீனவ ஊரிலும் இந்தப் புரதத்தின் மரபணு பழுதாகியிருந்தது. இரண்டு பிரதியும் கெட்டவர்களுக்கு மண்டையோடு தடித்து நரம்புகளை நெரித்தது. ஒரு பிரதி மட்டும் கெட்டவர்களோ அடர்ந்த எலும்போடு நலமாக இருந்தார்கள். ஸ்க்ளெரோஸ்டினைத் தடுக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. அதன் விளைவான ரோமோசோசுமாப் ஊசிக்கு அமெரிக்கா 2019-ல் அனுமதி தந்தது. மாதம் 210 மில்லிகிராம், 12 மாதங்கள். கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இதைப் போடக்கூடாது.

கரைக்கும் செல்களை எழுப்பும் ராங்க்-எல் என்ற புரதமும் மரபணு வரைபடத்தில் பளிச்செனத் தெரிகிறது. அதைத் தடுப்பது டெனோசுமாப், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம். இங்கே நடக்கும் பெரிய தவறு, தவணையைத் தள்ளிப்போடுவதும் சொல்லாமல் நிறுத்திவிடுவதும். தடுப்பு விலகியதும் கரைப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பி, முதுகெலும்புகள் பல ஒன்றாக நசுங்கக்கூடும். நிறுத்துவதானால் அந்த இடத்தில் வேறொரு மருந்தைத் தொடங்கியாக வேண்டும்.

இனி முறிவுக்கு வருவோம். 2018-ல் முறிவையே நேரடியாக ஆராய்ந்த பெரிய மரபணு ஆய்வு 15 இடங்களைக் கண்டது. 15-உம் எலும்பு அடர்த்தியோடு தொடர்புடையவை. இரத்தத்தில் வைட்டமின் டி அளவைச் சற்றே கூட்டும் மரபணுக்கள் முறிவைக் குறைப்பதாகத் தெரியவில்லை. கடுமையான குறைபாடு உள்ளவருக்கு வைட்டமின் டி வேண்டாம் என்று இதை வாசிக்கக்கூடாது. குறைபாடு இல்லாதவர் மேலும் மேலும் விழுங்குவதால் எலும்புக்குக் காவல் கிடைக்காது, அவ்வளவே.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு 2005-ல் ஸ்வீடன் நாட்டு இரட்டையரிடமிருந்து வந்தது. இடுப்பெலும்பு முறிவில் மரபின் பங்கு 69 வயதுக்கு முன் 68 சதவீதம். 69 முதல் 79 வரை 47. அதற்குப் பிறகு வெறும் 3. வயது ஏற ஏற, பிறப்பில் வாங்கி வந்தது பின்னுக்குப் போய், விழுவதும் விழவைப்பதும் முன்னுக்கு வருகின்றன.

ஆகவே வீட்டில் விசாரிக்கும்போது துல்லியமாக விசாரியுங்கள். நின்ற உயரத்திலிருந்து, வழுக்கியோ தடுக்கியோ விழுந்து முறிந்ததா என்று கேளுங்கள். பேருந்து மோதி முறிந்தது இந்தக் கதையில் சேராது. எத்தனை வயதில் என்று கேளுங்கள். ஃப்ராக்ஸ் இதைக் கேட்பதில்லை. ஆனால் 66 வயதில் முறிந்த தாய்க்கும் 88 வயதில் முறிந்த தாய்க்கும் ஸ்வீடன் கணக்கில் பெரிய வித்தியாசம் உண்டு. தாய் 50 வயதிலேயே இறந்திருந்தால் ‘முறியவில்லை’ என்ற பதிலில் எந்தத் தகவலும் இல்லை. அப்போது பெரியம்மா, சித்தி, அக்காக்களைப் பற்றிக் கேளுங்கள். ஆச்சிக்குக் கூன் விழுந்ததா, உயரம் குறைந்ததா? அது யாரும் படம் எடுத்துப் பார்க்காத முதுகெலும்பு முறிவாக இருந்திருக்கலாம். தாய்க்கு மாதவிடாய் எப்போது நின்றது என்பதும் தேவை. அந்த வயதும் ஓரளவு மரபுவழி வருவது, 45-க்கு முன் நின்றால் எலும்பு இழப்பும் முன்கூட்டியே தொடங்கும்.

அடுத்து, எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரே கொண்டு அளக்கும் டெக்சா ஸ்கேன். அந்த அளவை இளவயதினரின் சராசரியோடு ஒப்பிட்டுத் தரும் எண்தான் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. நம் பேச்சில் ‘எலும்புத் தேய்மானம்’ என்ற ஒரே சொல் இதையும் மூட்டுத் தேய்மானத்தையும் சேர்த்துக் குறிப்பது பெரிய குழப்பம். ஏனென்றால் முதுகில் மூட்டுத் தேய்மானம் இருந்தால் அங்கே முளைக்கும் எலும்பு முட்கள் ஸ்கேனில் அடர்த்தியைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். 65-ஐத் தாண்டியவருக்கு இடுப்பு அளவையே அதிகம் நம்ப வேண்டும். சிறு உடல்வாகு கொண்ட பெண்களுக்கு நேர்மாறான பிழை வரும். இயந்திரம் பரப்பைத்தான் அளக்கிறது, ஆழத்தை அல்ல, எனவே சிறிய எலும்பு உள்ளதைவிட மெலிந்ததாகத் தோன்றும். ஃப்ராக்ஸில் நாட்டையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவுக்குத் தனியாக உண்டு, சிங்கப்பூரில் இந்தியர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நூற்றுக்கணக்கான மரபணு இடங்களைக் கூட்டித் தரும் மதிப்பெண்களோ பெரும்பாலும் ஐரோப்பியரின் தரவில் உருவானவை. நம்மவர்களிடம் அவற்றின் துல்லியம் குறைகிறது.

80-ஐ நெருங்கியவருக்குப் பரம்பரையைத் துருவுவதைவிட வீட்டைச் சுற்றிப் பார்ப்பது பயன் தரும். இரவில் போடும் தூக்க மாத்திரை, அறுவை செய்யாமல் விட்ட கண்புரை, ஈரமான குளியலறைத் தரை, கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கின்மை. முதலில் சொன்ன அமெரிக்க ஆய்வில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாததும் ஓர் அபாயக் குறியாக நின்றது. அபாயக் காரணிகள் இரண்டுக்கு மேல் இல்லாமல், வயதுக்கேற்ற அடர்த்தியும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இடுப்பு முறிந்தது. ஐந்துக்கும் குறையாத காரணிகளோடு அடர்த்தியும் தாழ்ந்திருந்தவர்களில் 27 பேருக்கு. தாயின் முறிவும் அந்தக் காரணிகளில் ஒன்று. மாற்ற முடியாதது அது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரும் பயிற்சியை, பக்கத்தில் ஒருவர் நிற்க, இன்று மாலையே தொடங்கலாம்.