தன்னுதவிக் குழு: இந்தச் சொல் யாருக்கு?

போன மாதம் ஒரு பயிற்சிக் கையேடு மெய்ப்புத் திருத்த வந்தது. கிராமத்துக் குழுப் பெண்களுக்கு வரவு செலவு எழுதச் சொல்லிக்கொடுக்கிற கையேடு. எல்லாரும் 'சுய உதவிக் குழு' என்கிறதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை 'தன்னுதவிக் குழு', 'தன்னுதவிக் குழு' என்றே எழுதியிருந்தது. மேடையில் கேட்டிருக்கிறேன், கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன், பேசாமல் கடந்துவந்திருக்கிறேன். அந்தப் பெண்கள் கையிலேயே கொடுக்கப்போகிற புத்தகத்தில் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'சுய உதவிக் குழு' என்பதில் சுய மட்டும் வடமொழி. ஸ்வயம் என்பதன் வழி வந்தது. உதவி தமிழ். குழுவும் தமிழ்தான், குழுமு, குழாம், குழூஉக்குறி எல்லாம் அதன் உறவு. ஐம்பெருங்குழு சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. ஆக, சுயவை எடுத்துவிட்டுத் 'தன்' வைத்தால் தூய தமிழ் ஆகிவிடும் என்பது கணக்கு. சுயநலம் தன்னலம் ஆனது, சுயசரிதை தன்வரலாறு ஆனது. அவற்றில் எனக்குக் குறை இல்லை, நானும் தன்வரலாறு என்றே எழுதுகிறேன். அங்கே ஒரு ஆள்தான் இருக்கிறார், அதனால் 'தன்' பொருந்துகிறது.

குழுவில் பத்து முதல் இருபது பேர் இருக்கிறார்கள். தமிழில் ஒருமைக்குத் தன், பன்மைக்குத் தம். இருபது பேரைச் சுட்டத் தன் போடுவது முதல் பிழை. குழு முழுவதையும் ஒன்றாகக் கொள்ளலாமே, தன்னாட்சியில் அப்படித்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, அப்படியே கொள்வோம். ஆனால் 'அரசு உதவி' என்றால் அரசு கொடுக்கும் உதவி. 'அண்ணன் உதவியில் படித்தேன்' என்றால் கொடுத்தவர் அண்ணன். அந்த வரிசையில் தன்னுதவி என்றால் தான் பிறர்க்குச் செய்யும் உதவி என்றும் பொருள்படும், தனக்கே செய்துகொள்வது என்றும் படும். படித்தவர் எப்படியோ புரிந்துகொள்வார். கையேட்டைப் படிக்கப்போகிறவர் எதற்காக இதை யோசித்துக்கொண்டு உட்கார வேண்டும்?

இலக்கணத்தை விடுங்கள். அங்கே நடக்கிற காரியம் என்ன என்று பார்த்தால் சொல்லின் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு முறை ஒரு குழுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு பாய், பூட்டுப்போட்ட ஒரு தகரப் பெட்டி, தீர்மான நோட்டு. எல்லாரும் சேமிப்பைக் கட்டி முடித்தபோது பெட்டியில் எட்டாயிரத்துச் சொச்சம் இருந்தது. ஒருவர் ஆடு வாங்க ஆறாயிரம் கேட்டிருந்தார், இன்னொருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஐயாயிரம். இரண்டுக்கும் பணம் போதாது. "ஆடு எங்க ஓடிடப்போகுது, ஃபீஸுக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசியாம் அக்கா" என்றார் குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர். ஆடு கேட்டவர் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி, அவளுக்கே குடுங்க, நான் அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்" என்றார். நூற்றுக்கு இரண்டு வட்டி, பத்துத் தவணை என்று நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இதில் 'தன்' எங்கே இருக்கிறது? ஒருத்தி இன்னொருத்திக்காக ஒரு மாதம் தள்ளிப்போட்டாள், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு தொடங்கிய இடத்திலும் இதுதான் நடந்தது. 1980களில் கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் வேலை செய்த ஊர்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் உடைந்தன. ஒருவரை ஒருவர் நம்பிய சிலர் மட்டும் சின்னச் சின்னக் குழுவாகச் சேர்ந்து கடனைத் தாங்களே கவனிக்கத் தொடங்கினார்கள். அப்போது அவற்றுக்குக் கடன் மேலாண்மைக் குழு என்ற பொருளில்தான் பெயர். சுய உதவி என்பது பிறகு வந்து ஒட்டியது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. 1992இல் தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்த்தது. 'செல்ஃப் ஹெல்ப் குரூப்' என்ற ஆங்கிலப் பெயர் அதற்குள் அலுவலகத் தாள்களில் நிலைத்துவிட்டது, தமிழ்ப் பெயர் அதைப் பார்த்து எழுதியது.

எல்லாரும் அப்படிப் பார்த்து எழுதவில்லை. மராத்தியில் 'பசத் கட்' என்பார்கள், சேமிப்புக் குழு. தெலுங்கில் 'பொதுபு சங்கம்', அதுவும் சேமிப்புச் சங்கம்தான். கேரளத்தில் 1998இல் குடும்பஸ்ரீ என்ற அரசின் வறுமை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது அடிமட்டக் குழுவுக்கு 'அயல்கூட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் கூடுவது! அயல், கூட்டம் இரண்டு சொல்லும் நமக்கும் சொந்தம். ஆனால் இங்கே அயல் என்றால் இப்போது அயல்நாடுதான் நினைவுக்கு வருகிறது, அதனால் எடுத்துக்கொள்ள முடியாது. எனக்கு அதில் வருத்தம்தான்.

நம் பெண்கள் என்ன சொல்கிறார்கள்? "குழுவுக்குப் போறேன்", "குழுக் காசு கட்டணும்", முழுதாகச் சொன்னால் மகளிர் குழு. அதோடு அவர்கள் முதலில் செய்கிற காரியத்தைச் சேருங்கள்: மகளிர் சேமிப்புக் குழு. கடன் வருவது பின்னால், சேமிப்பிலிருந்துதான். சேமிப்பும் வடமொழி க்ஷேமத்தின் வழி வந்ததுதானே என்று தூய்மை பேசுவோர் மடக்கலாம். ஏமம் என்ற தமிழ்ச் சொல்லோடு அதை உறவாக்குவோரும் உண்டு. வழக்கு எந்தப் பக்கம் தீர்ந்தாலும், உண்டியலில் காசு போடும் குழந்தைக்கும் புரிகிற சொல் அது. எனக்கு அது போதும்.

இதில் ஒரு நிசமான ஆபத்தும் இருக்கிறது. நுண்கடன் நிறுவனங்கள் பெண்களை ஐந்து பேர், பத்துப் பேராகச் சேர்த்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று கடன் தருகின்றன. அது கூட்டுப் பொறுப்புக் குழு. அங்கே வட்டி நிறுவனத்துக்குப் போகிறது. சேமிப்புக் குழுவின் உள்கடன் வட்டி அதே தகரப் பெட்டிக்குத் திரும்புகிறது. வசூலுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று மிரட்டினார்கள் என்ற செய்திக்குச் சில நேரம் 'சுய உதவிக் குழுக் கடன்' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் குழு, இரண்டும் பெண்கள், இரண்டும் கடன். பெயரில் சேமிப்பு இருந்திருந்தால் தலைப்பு எழுதுபவரின் கை ஒரு நொடி நின்றிருக்கும்.

அந்தக் கையேட்டில் ஊக்குநர், ஆங்கிலத்தில் அனிமேட்டர், 'உயிரூட்டுநர்' ஆகியிருந்தார். முப்பது ஆண்டுகளாகப் பெண்கள் வாயில் புழங்கும் சொல் ஊக்குநர். மொழிபெயர்த்தவர் ஒரே ஒரு குழுவிடம் கேட்டிருந்தால் போதும், அகராதியைத் திறக்கவே வேண்டியிருந்திருக்காது. சுயவைத் துரத்திய அதே பக்கத்தில் 'வாழ்வாதாரம்' மட்டும் நாலு முறை. ஆதாரம் எந்த மொழி? பிழைப்பு, தொழில் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வங்கிக் கணக்கும் பதிவும் சுய உதவிக் குழு என்ற பெயரில் இருந்தால் படிவத்தில் அப்படியே எழுதட்டும், அதை மாற்றப் போனால் அலைச்சல் பெண்களுக்குத்தான். மற்ற இடங்களில் எல்லாம் அடித்துவிட்டு மகளிர் சேமிப்புக் குழு என்று எழுதி, உயிரூட்டுநரையும் ஊக்குநராக்கி, மெய்ப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.