ஆரல்வாய்மொழிக் காற்றும் ஒரு தப்பான விடையும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் போனால் ஆரல்வாய்மொழிக்கு அப்புறம், மலைக் கணவாயை ஒட்டி, முப்பந்தலில் காற்றாலைக் கூட்டம் வரும். மெக்கானிக்கல் படித்த காலத்தில் காற்றாலையின் திறன் சூத்திரம் எனக்கு மனப்பாடம். இரண்டு மார்க் கேள்வியாக வந்து முழு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பஸ்ஸில் ஒரு பெரியவர், "காத்து ரெண்டு மடங்கு அடிச்சா கரண்டும் ரெண்டு மடங்கு வருமா மக்களே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையில், காற்றாலை தன் உச்சத் திறனை எட்டாதவரை, 8 மடங்கு.

ஆசிரியர் மேல் குறையில்லை. அந்தச் சூத்திரம் எப்படி வருகிறது என்று போர்டில் வரிவரியாகத் தெளிவாகத்தான் காட்டினார். அந்தத் தெளிவே வினையாகிவிட்டது. கீழே நின்று பார்க்கிறவனுக்குப் பனையேறுவது எளிதாகத்தான் தெரியும்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூரும் 1990 வாக்கில் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டார். கடினமான கணக்குகளைப் போட்ட அவருடைய மாணவர்கள், விசையைப் பற்றிய அடிப்படைக் கேள்விகளில் தடுமாறினார்கள். அதனால் முறையை மாற்றினார்: கொஞ்சம் பாடம், ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடை, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறுபடி விடை.

நம் காற்றாலையையே இப்படிக் கேட்டுப் பாருங்கள். 2 மடங்கா, 4 மடங்கா, 8 மடங்கா? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பிளஸ் ஒன்னிலிருந்தே தெரியும் என்பதால் 4-க்கும் நிறையக் கை எழும். அப்போது பக்கத்துப் பெஞ்சுக்காரன் சொல்வான்: "மக்கா, ஒவ்வொரு கிலோ காத்துக்கும் ஆற்றல் நாலு மடங்கு, சரி. ஆனா ஒரு செகண்டுல வாற காத்தே ரெண்டு மடங்குல்லா?" நாலு இரண்டு எட்டு. அவன் இப்போதுதான் அந்தக் குழப்பத்தைத் தாண்டி வந்திருக்கிறான். எங்கே தடுக்கும் என்பது அவனுக்கு நினைவிருக்கிறது. ஆசிரியர் தாண்டி இருபது வருடம் ஆகியிருக்கும்! கையைத் தூக்கியவனுக்கோ, தன் விடை ஏன் தப்பு என்று தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளாது.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஒரு கணக்கு வெளியானது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8% பேர் தோற்றார்கள். மாணவர்களையும் வேலை வாங்கிய வகுப்புகளில் 21.8% பேர்.

வேடிக்கை என்னவென்றால், மாணவர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. 2019-ல் ஹார்வர்டில் இரண்டு முறையையும் ஒப்பிட்டபோது, தாங்களே முயன்று படித்தவர்கள் சோதனையில் அதிக மார்க் வாங்கினார்கள். ஆனால் அதிகம் கற்றதாக நினைத்தவர்கள் விரிவுரை கேட்டவர்கள்தான். முட்டி மோதிப் படிப்பது, படிக்காத மாதிரியே தோன்றும் போல.

கேள்வி அமைவதில்தான் சூட்சுமம். முதல் சுற்றிலேயே முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொல்லிவிட்டால் விவாதம் வீண். கால்வாசிப் பேருக்குக்கூடத் தெரியவில்லை என்றால் பாடத்தையே மறுபடி எடுக்க வேண்டும். "திறன் சூத்திரம் எழுதுக" என்பது இதற்கு உதவாது. "கணவாய் வழியாக வரும் காற்று பக்கத்து ஊரைவிடப் பத்தே சதவீதம் வேகம் என்றால், அதே காற்றாலை அங்கே எவ்வளவு கூடுதலாகத் தரும்?" என்று கேட்கலாம். பத்து சதவீதம் என்று சொல்லத்தான் வாய் வரும். வேகம் 2 மடங்கானால் திறன் 2 × 2 × 2 மடங்கு என்பதுபோல, 1.1 மடங்கானால் 1.1 × 1.1 × 1.1 மடங்கு; அதாவது கிட்டத்தட்ட 33% கூடுதல். அத்தனை காற்றாலைகள் ஏன் அந்த ஒரு கணவாயில் போய் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன என்பது எனக்கு அப்படித்தான் புரிந்தது, டிகிரி வாங்கி ரொம்ப நாள் கழித்து.