காணி உறுதிக்குள் இருக்கும் ஒரு கும்பனி

யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதும் எங்களிடம் வருகிறவர்களில் பலர், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை என்றால், பழைய யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்து ஓலையில் இருந்து அப்படியே வந்தது என்று நினைக்கிறார்கள். வேறு சிலர் அது வெள்ளைக்காரன் போட்ட சட்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வழக்கங்கள் பழையவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீதிமன்றத்தில் இன்றைக்கும் நாங்கள் எடுத்துக்காட்டும் அந்த வாசகம், ஒரு வியாபாரக் கும்பனியின் உத்தியோகத்தர் தன் மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்த அறிக்கை. காணி வைத்திருக்கிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்திருப்பது நல்லது. ஏனென்றால் அந்த அறிக்கையின் சில வரிகள் உங்கள் விற்பனையை இன்றும் நிறுத்திவைக்கும்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி 1602 மார்ச் 20இல் தொடங்கப்பட்டது. பொதுமக்களிடம் பங்கு விற்றுச் சேர்த்த மூலதனம் ஏறக்குறைய 64 இலட்சம் கில்டர். நெதர்லாந்து அரசு கொடுத்த பட்டயத்தின்படி நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே வியாபாரம் செய்யும் ஏகபோக உரிமை அதற்கு மட்டும்தான். அதோடு கோட்டை கட்டலாம், படை வைத்திருக்கலாம், அரசர்களோடு ஒப்பந்தம் செய்யலாம், ஆளுநரை நியமிக்கலாம். ஒரு கம்பனியின் அமைப்பு விதிகளுக்குள் போர் செய்யும் அதிகாரத்தையும் சேர்த்துவிட்டார்கள். மேலே 17 இயக்குநர்கள். அவர்களுக்குப் பங்குதாரர்களின் இலாபப்பங்குதான் கவலை.

இலங்கைக்குள் அவர்கள் வந்தது கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு 1638இல் செய்த ஒப்பந்தத்தின் பேரில். போர்த்துக்கேயரைத் துரத்த உதவி கேட்டான் அரசன். துரத்திய பிறகு, செலவுக் கணக்கைக் காட்டி இடத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். 1656இல் கொழும்பு, 1658இல் மன்னார். அதே ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டு யூனில் பிடித்தார்கள். அடுத்த மாதமே நாகபட்டினமும் போயிற்று. அன்றிலிருந்து 1795 வரை, சுமார் 137 வருடம், யாழ்ப்பாணத்தை ஆண்டது ஒரு நிறுவனம்.

நிறுவனம் என்று நான் சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. அதன் உத்தியோகப் படிநிலையைப் பார்த்தால் தெரியும்: கீழ்நிலை வணிகர், வணிகர், மூத்த வணிகர். வரி வாங்கியவரும், கிடங்கைப் பார்த்தவரும், நீதி மன்றத்தில் அமர்ந்தவரும் இந்தப் பட்டத்துக்காரர்கள்தான். யாழ்ப்பாணத் தளபதி கொழும்பு ஆளுநருக்குக் கணக்குச் சொல்வார், அவர் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த தலைமை ஆளுநருக்கு, அவர் நெதர்லாந்தில் இருந்த இயக்குநர்களுக்கு. கப்பல் ஒரு வழி போய்ச்சேர ஏறத்தாழ எட்டு மாதம். தீவுகளுக்கும் நெதர்லாந்து நகரங்களின் பேரையே வைத்தார்கள்: நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று, காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. இரண்டும் கும்பனிக் கிளைகள் இருந்த நகரங்கள். ஊருக்குப் பேர் வைக்கும்போதுகூட கந்தோர் ஞாபகம்தான் வந்திருக்கிறது போல.

இந்த அமைப்பில் கட்டுப்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. 1726 முதல் 1729 வரை இலங்கை ஆளுநராக இருந்த பெத்ரூஸ் வூயிஸ்ட் செய்த கொடுமைகளுக்காகக் கும்பனியே அவரைப் பிடித்து விசாரித்து 1732இல் பத்தாவியாவில் மரணதண்டனை கொடுத்தது. ஆனால் அது மேலிடம் கீழிடத்தைத் தண்டித்த கதை. ஆளப்பட்ட சனம் ஆளுநரை மாற்றுவதற்கு எந்த வழியும் பட்டயத்தில் இல்லை.

சரி, யாழ்ப்பாணத்தில் இலாபம் எங்கே இருந்து வந்தது? வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக நடத்திக்கொண்டுவந்து இந்திய வியாபாரிகளுக்கு விற்றார்கள். சாயவேர், பனைமரம், புகையிலை எல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் நிலையாகக் கைக்கு வந்தது வரி. தலைவரி, விளைச்சலில் பத்திலொன்று, சில சாதிகள்மேல் சுமத்திய ஊழியம் என்ற கட்டாய வேலை. வரி வாங்க வேண்டுமானால் எந்தக் காணி யாருடையது என்று தெரியவேண்டும். அதற்குத்தான் தோம்பு. போர்த்துக்கேயர் தொடங்கிய அந்தப் பதிவை ஒல்லாந்தர் ஊர் ஊராகத் திருத்தி எழுதினார்கள்: காணியின் பேர், உடையவர் பேர், பரப்பு, மரம், செலுத்தவேண்டிய தொகை. பள்ளிக்கூடங்களிலும் தோம்பு வைத்துத் திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிந்தார்கள். பழைய உறுதி ஒன்றை விரித்தால் ‘வரகு கல்சர் 2 இலாச்சம்’ என்று எழுதியிருக்கும். எத்தனை நிலத்தில் வரகு விதைக்கலாம் என்ற அளவு அது. 16 இலாச்சம் ஓர் ஏக்கர். காணியை விதைப்பால் அளக்கும் கணக்கு வரி வாங்குகிறவனுக்கும் வசதியானது.

நிலம் யாருடையது என்று தெரிந்த பிறகு, அது யாருக்குப் போகும் என்றும் தெரியவேண்டுமே. ஒல்லாந்த நீதிபதிக்குச் சீதனமும், முதுசொமும் (பரம்பரையாக வந்த சொத்து), தேடியதேட்டமும் (மணவாழ்வில் தேடிய சொத்து) விளங்கவில்லை. வழக்கு ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டியிருந்தது. அதனால் ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சீமோன்ஸ் உத்தரவு போட, யாழ்ப்பாணத்தில் 37 வருடம் இருந்த திசாவை (மாவட்ட நிர்வாக அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் வழக்கங்களை எழுதி 1707 சனவரியில் ஒப்படைத்தார். யான் பிரூஸ் என்பவர் அதைத் தமிழில் பெயர்த்தார். 12 முதலியார்கள் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். முதலியார்கள் என்றால் கும்பனியின் கீழ் உத்தியோகம் பார்த்த ஊர்த் தலைவர்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள், காணிக்காரர்கள்.

இந்த இடத்தில்தான் நான் கட்சிக்காரர்களோடு கொஞ்சம் நின்று பேசுவது. அந்த ஏட்டில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு; கோவியர், நளவர், பள்ளர் என்ற சாதியினர் யார் உடைமை என்று எழுதியிருக்கிறார்கள். இலங்கையில் அடிமைமுறை 1844இல்தான் முற்றாக ஒழிந்தது. அந்தப் பகுதி செத்துப்போயிற்று, மற்றப் பகுதிகள் உயிரோடு இருக்கின்றன. ஆக, ‘முன்னோர் சொன்னது, அதனால் கைவைக்கக்கூடாது’ என்று பேசுகிறவர்கள் அந்த ஏட்டை முழுக்கப் படித்ததில்லை.

கனடாவில் இருந்து லீவில் வந்த ஒரு அக்கா என் மேசைக்கு முன்னால் இருந்து கேட்டார்: “தம்பி, இது அம்மா எனக்குச் சீதனமாத் தந்த காணி. என்ர பேரில இருக்கு. பிறகேன் அவர் கையெழுத்து வைக்கவேணும்?” ஞாயமான கேள்வி. மணமான பெண் புருஷன் சம்மதமில்லாமல் கொடுக்கக்கூடாது என்ற கருத்து ஐசாக்ஸின் ஏட்டிலேயே இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதைக் காணிக்கும் வீட்டுக்கும் எழுத்து மூலச் சம்மதம் என்று ஆக்கிவைத்தது. புருஷன் தன் முதுசொக் காணியை விற்க மனைவியின் கையெழுத்தை அந்தச் சட்டம் கேட்பதில்லை. இது மாறவேண்டியது என்பது என் அபிப்பிராயம். மாறும்வரை சம்மதம் இல்லாத உறுதி நிற்காது.

முன்வாங்கல் உரிமையும், அதாவது வெளியாளுக்கு முன் உரித்தாளரும் பங்காளியும் வாங்கக் கேட்கும் உரிமையும், அப்படித்தான். காணி விற்பதற்கு முன் தங்கள் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு அறிவிக்கவேண்டும் என்று கும்பனி உத்தரவிட்டிருந்தது. உரித்தாளரும் பங்காளியும் அதற்குள் வந்து கேட்கலாம். இன்று தேவாலயம் இல்லை, 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அவகாசம் அதிலும் மூன்று வாரம். பங்காளிக்கு அறிவிக்காமல் வெளியாளுக்கு விற்றுவிட்டு, பிறகு வழக்கோடு ஓடி வருகிறவர்கள் இன்னும் குறையவில்லை.

கும்பனி கடைசியில் கடனில் மூழ்கியது. 1780 முதல் 1784 வரை இங்கிலாந்தோடு நடந்த போர் முதுகை முறித்தது, உத்தியோகத்தரின் களவு வியாபாரம் ஏற்கெனவே அரித்திருந்தது. 1796இல் அரசு அதைப் பொறுப்பேற்றது, 1799 முடிவில் பட்டயம் காலாவதி. அதற்குள் பிரித்தானியர் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் வந்தாயிற்று. அவர்கள் இருந்த சட்டத்தைக் கலைக்கவில்லை. 1799 செப்டெம்பர் பிரகடனத்தில் ஒல்லாந்தர் காலத்துச் சட்டம் தொடரும் என்றார்கள், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியில் தேசவழமைக்கு முழு வலு கொடுத்தார்கள்.

காணி விற்க, வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. தமிழர் எல்லோருக்கும் தேசவழமை பொருந்தாது. வடமாகாண வாசியா என்பதுதான் முதல் கேள்வி. கொழும்பிலேயே வேரூன்றியவர்கள் முன்கூட்டியே ஆலோசனை கேளுங்கள். புருஷன் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, காரணமில்லாமல் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைக் கொடுக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. மரணசாதனம் (உயில்) எழுதப் பெண்ணுக்கு யார் சம்மதமும் வேண்டாம். அப்புறம், தோம்பில் பூட்டன் பேர் இருக்கிறது என்ற ஒரே பலத்தோடு வழக்குப் போட வராதீர்கள். அது வரிக்காக எழுதிய பதிவு. அதற்குப் பிறகு எத்தனையோ விற்பனையும் சீதனமும் நடந்திருக்கும், பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தவருக்கு ஆட்சியுரிமையும் வந்திருக்கும். முதலில் காணிப் பதிவகத்தில் தேடுதல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.