நாலு தெரு தள்ளி இருந்தும் அறியாமல் போனோம்

சென்ற மாதம் ஓர் அடக்க ஆராதனையில், பெட்டியின் அருகே நின்றுகொண்டு, மறைந்தவரைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல முடியாமல் தடுமாறினேன். அவருக்கு 58 வயது. எங்கள் ஆலயத்திலிருந்து நாலு தெரு தள்ளித்தான் வீடு. பதினொரு வாரம் படுக்கையில் கிடந்திருக்கிறார்; எனக்கோ சபையாரில் வேறு எவருக்குமோ அது தெரியாது. மகள், தகப்பனார் பழக்கிய வழியிலேயே, அவர் மாதந்தோறும் காணிக்கை அனுப்பிவந்த தொலைக்காட்சி ஊழியம் ஒன்றின் ஜெப எண்ணுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே வாசகம்தான் பதிலாக வந்திருக்கிறது. மரித்த இரவு பதினொரு மணிக்குத்தான் எனக்குத் தொலைபேசி வந்தது. தென்னிந்தியத் திருச்சபையில் 26 ஆண்டுகளாகக் குருத்துவ ஊழியத்தில் இருக்கிறேன். இந்த ஓராண்டில் மட்டும் இது நான்காவது முறை என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்றிரவு அந்த வீட்டுக்கு வந்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். வாலிபர் சங்கத்துப் பையன்கள் நாற்காலி இறக்கிப் பந்தல் போட்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தினர் விடியும்வரை அந்தத் தாயின் பக்கத்தில் அமர்ந்து கீர்த்தனைகள் பாடினார்கள். அதிகாலையில் ஆலயப் பணியாளரான கோயில்குட்டி துக்க மணி அடித்தார். மூன்று ஆண்டுகளாக, மறைந்தவர் எந்தச் சபையை வேண்டாமென்று இருந்தாரோ, அதே சபைதான் வந்தது. வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவர் கண்திறந்திருந்த பதினொரு வாரமும் வந்திருக்கலாமே, திருவிருந்தை, அதாவது நற்கருணையை, அவர் படுக்கையருகே கொண்டுபோயிருக்கலாமே என்ற துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீடுகளைச் சந்திக்கும்போது நான் அதிகமாகக் கேட்கும் வாதம் ஒன்று உண்டு. “ஐயா, சபை என்பது கட்டடமா? உலகமெங்கும் உள்ள விசுவாசிகள்தானே சபை? நான் அதன் அங்கம். எந்த ஊர்ச் சபையிலும் இருக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.” இதன் முதல் பாதி உண்மை, அதனால்தான் இரண்டாம் பாதி இவ்வளவு எளிதாக ஏமாற்றுகிறது. பவுல் தம் நிருபங்களை யாருக்கு எழுதினார் என்று தயவுசெய்து திறந்து பாருங்கள். கொரிந்து, பிலிப்பி, தெசலோனிக்கே என்று ஊர்ப் பெயர் இருக்கிறது. பிலேமோனுக்கு எழுதும்போது அவர் வீட்டிலே கூடிவருகிற சபையை வாழ்த்துகிறார். பெபேயாளை அறிமுகப்படுத்தும்போது கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி என்கிறார். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆண்டவர் ஏழு சபைகளோடு பேசுகிறார். ஏழுக்கும் ஊர் உண்டு, ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனிச் செய்தியும் உண்டு. ஊரில்லாத சபைக்கு எழுதப்பட்ட வார்த்தையாக அங்கே ஒன்றும் இல்லை. கொரிந்து சபையோ கட்சிகட்டிச் சண்டையிட்ட சபை. ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்ட சபை. கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க ஒருவன் குடித்து வெறிகொண்டிருந்த சபை. அதைத்தான் பவுல் முதல் வரிகளிலேயே ‘தேவனுடைய சபை’ என்று அழைக்கிறார்.

“பதிவேட்டில் பெயர் இருப்பதில் என்ன இருக்கிறது?” என்றும் கேட்கிறார்கள். ஆதரவற்ற விதவைகளைப் பெயர்ப்பட்டியலில் சேர்ப்பதற்கு அறுபது வயது என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் வரையறுக்கிறது; பட்டியல் இருந்ததால்தான் சோறு யாருக்குப் போக வேண்டும் என்று தெரிந்தது. நம் மண்ணிலேயே, பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேரின் பெயர்கள் இருந்தன. அவற்றுள் முதலாவது கிளாரிந்தாவின் பெயர். கணவனை இழந்து, சொந்தச் சமூகத்தால் ஒதுக்கப்பட்டிருந்த அந்தப் பெண்மணியின் முயற்சியால் எழுந்த ஆலயத்தை 1785இல் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலித் திருச்சபை அந்த நாற்பது பெயர்களிலிருந்து வளர்ந்தது. அந்தத் திருச்சபைதான் 1903இல் தன் சொந்தக் காணிக்கையைக்கொண்டு இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்னக்கலுக்கு ஊழியரை அனுப்பியது. உலை வைக்கும்முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்த வீடுகளால் வளர்ந்த சபை நம்முடையது.

இன்னொரு கூட்டத்தாரிடம் எனக்கு வேறு வருத்தம். சென்னையிலோ பெங்களூரிலோ இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். ஊர்க் கோயிலின் கோபுரத்துக்கு வண்ணம் பூச ஐம்பதாயிரம் கொடுக்கிறார்கள். அசனம் என்னும் ஊர்ச் சபை விருந்துக்குத் தவறாமல் வந்து போகிறார்கள். ஆனால் குடியிருக்கும் நகரத்தில் எந்தச் சபையிலும் அவர்கள் பெயர் இல்லை. பிள்ளையைச் சபையின் முழு அங்கமாக்கும் திடப்படுத்தல் நடக்கவில்லை. பின்பு திருமணத்துக்கு ஓலை வாசிக்க, அதாவது ஆலயத்தில் மண அறிவிப்புச் செய்ய, வேண்டும் என்றதும் சான்றிதழுக்காக அலைகிறார்கள். பிறந்த ஊரின்மேல் உள்ள பாசத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடிவரக்கூடியது நீங்கள் இப்போது வாழும் தெருவின் சபைதான்.

சபையில் நடக்கும் தேர்தல்களும் நீதிமன்ற வழக்குகளும் வெறுப்பூட்டுகின்றன என்று சொல்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை. எனக்கும் அவை வெட்கத்தையே தருகின்றன. ஆயினும் நேர்மையுள்ளவர்கள் விலகிவிட்டால் மிச்சமிருப்பவர்கள்தாமே முடிவெடுப்பார்கள்? சபைக் கூட்டத்துக்கு வந்து உட்காருங்கள், வரவுசெலவுக் கணக்கைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, காட்டுவது எங்கள் கடமை. ஊழியர் ஒருவராலேயே காயப்பட்டவர்கள் இருப்பீர்களானால், உங்களை நான் கடிந்துகொள்ளமாட்டேன். நடந்ததை உரிய இடத்தில் முறையிடுங்கள். அந்த ஆலயத்துக்குள் மறுபடி நுழைய முடியவில்லையென்றால் அருகில் உள்ள வேறொரு சபையில் சேர்ந்துகொள்ளுங்கள். தனித்துப்போய்விட மட்டும் வேண்டாம்.

மற்றவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஊர் மாறும்போது சபை மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். போன முதல் மாதத்திலேயே அங்குள்ள ஆயரிடம் அதைக் கொடுங்கள். ஞாயிறு ஆராதனை முடியும்முன் எழுந்து வண்டியை எடுக்காதீர்கள். வெளியே வந்து பக்கத்து இருக்கைக்காரரின் பெயரையாவது கேளுங்கள். பிள்ளைகளை ஓய்வுநாள் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வாசலிலேயே திரும்பாதீர்கள். நீங்களும் உள்ளே வாருங்கள். தொலைக்காட்சியில் நல்ல செய்தி கேட்டால் கேளுங்கள், அதைத் தடுக்க மாட்டேன். நடக்க முடியாத முதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதையும் அறிவேன். ஆனால் உங்களுக்குத் திருவிருந்து கொடுக்கவும், நீங்கள் வராத இரண்டாம் வாரம் ஏன் வரவில்லை என்று கேட்கவும் அந்தத் திரைக்குள் ஆளில்லை. ஆயர்களாகிய எங்கள் கண்கள், பாட்டு நடக்கும்போதே வெற்று இருக்கைகளை எண்ணிக்கொண்டிருக்கும். அது எங்கள் தொழிற்பழக்கம்.

வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால், முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் யாக்கோபு எழுதினார். சந்தா பாக்கியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கமாட்டேன். எத்தனை ஆண்டு வராமல் இருந்தாலும், எந்த நேரமானாலும் அழையுங்கள். அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே நான் வந்து அவரைப் பார்க்க வேண்டும்.