எயார் பிடித்த ட்ரக்டர்

ஐப்பசியில் காலபோக விதைப்பு தொடங்கினால் என் கைபேசிக்கு ஓய்வில்லை. போன கிழமை முள்ளியவளைப் பக்கமிருந்து ஒரு பெடியன் எடுத்தான். "அண்ணை, டீசல் முடிஞ்சு நிண்டுட்டுது. ஊத்திப்போட்டு அடிக்கிறன், ஸ்டார்ட் வருதில்லை."

போய்ப் பார்த்தேன். பழைய மசி பேர்குசன் 135. டாங்கி நிறைய டீசல், பற்றரியும் பரவாயில்லை. இஞ்சின் சுற்றுகிறது, ஆனால் புகைக்குழாயில் ஒரு பொட்டுப் புகை இல்லை. வெள்ளைப் புகையாவது வந்தால் டீசல் உள்ளே போகிறதென்று அர்த்தம். இங்கே போகவேயில்லை. எயார் பிடித்துவிட்டது, அதாவது டீசல் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டது.

டீசல் இஞ்சினில் பொறி தட்டும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பதினேழு, பதினெட்டில் ஒரு பங்காக நெரித்தால் அது 500 பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறும். அதற்குள் டீசலைத் தூறலாகச் சீறினால் தானாகப் பற்றும். சீறும் இன்ஜெக்டரின் வாயை ஓர் ஊசி அடைத்திருக்கிறது. அதை அமத்திப் பிடிப்பது விறைப்பான ஸ்பிரிங். வளிமண்டலத்தைப் போல 150 முதல் 200 மடங்கு அழுத்தம் வந்தால்தான் ஊசி எழும்பும்.

அந்த அழுத்தத்தைக் கொடுக்கிற பம்ப் ஒரு தடவைக்குத் தள்ளுவது ஒரு சின்னத் துளி. குழாய் முழுக்க டீசல் என்றால் அது போதும். டீசல் அவ்வளவு அழுத்தத்திலும் நூற்றில் ஒரு பங்களவே சுருங்கும். காற்று அப்படியில்லை. ஊசி போடும் சிரிஞ்சின் வாயை விரலால் பொத்திக்கொண்டு தள்ளிப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அசையாது. காற்று இருந்தால் உள்ளே போகும், விட்டதும் திரும்பி வரும். குழாயில் நிற்கும் குமிழியும் அப்படித்தான் பம்ப் தள்ளுகிற துளியை ஏப்பம் விடுகிறது. ஊசிக்குச் சேதியே போவதில்லை.

சும்மா அடித்துக்கொண்டிருந்தால் பற்றரி இறங்கும், பம்பும் தேயும். இந்த வகைப் பம்புக்கு டீசல்தான் மசகு. உள்ளே பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னி மோட்டார் சைக்கிள்கள் காபரேற்றரில் துளி பெற்றோல் விட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அந்த ஞாபகத்தில் டீசல் இஞ்சினுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். மெல்லிய எண்ணெய், மசகு காணாது.

எயாரை வெளியேற்றும் வேலைக்கு ஒழுங்கு உண்டு: டாங்கிப் பக்கமிருந்து இன்ஜெக்டரை நோக்கி. முதலில் பில்டரின் மேல் நட்டைத் தளர்த்திவிட்டு, டாங்கியிலிருந்து டீசலை இழுக்கும், கீழேயுள்ள சின்னப் பம்பின் நெம்பைக் கையால் அடிக்கவேண்டும். நெம்பு செத்ததுபோல் கிடந்தது. பெடியன் பம்ப் பழுது என்று பயந்துவிட்டான். உள்ளே அந்தப் பம்பைத் தள்ளும் கேம் என்ற மேடுள்ள உருளி மேலே தூக்கி நின்றால் அப்படித்தான் இருக்கும். இஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டதும் நெம்புக்கு உயிர் வந்தது. நுரை பொங்கி, பிறகு குமிழியில்லாத டீசல் வந்ததும் இறுக்கினேன். அடுத்து அழுத்தம் கொடுக்கும் பெரிய பம்பின் திருகாணி, அதே கதை. கடைசியாக மூன்று இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகள். அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். சீறும் இன்ஜெக்டர் வாய்க்கு முன்னால் கையை மட்டும் வைக்கக்கூடாது, டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

"அடி" என்றேன். மூன்று நட்டிலும் டீசல் துள்ளியது. முதலாவதை இறுக்க ஒரு சிலிண்டர் மட்டும் பற்றி, முழு ட்ரக்டரும் குளிர்காய்ச்சல்காரன்போல் நடுங்கியது. இரண்டாவது. மூன்றாவது. நடுக்கம் நின்றது. பெடியன் கலப்பையை இறக்கிவிட்டான், ஸ்பனர் இன்னும் என் கையில்.