கேள்வி கேட்க எதற்கு ஒரு 'டூ'?

தமிழில் கேள்வி கேட்பதற்குப் பெரிய மெனக்கெடல் தேவையில்லை. 'மழை பெய்தது' என்பதன் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் 'மழை பெய்ததா?' வந்துவிடும். எதன் மேல் சந்தேகமோ அதன் வாலில் அந்த 'ஆ'வை ஒட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. 'குமாரா நேற்று மதுரைக்குப் போனான்?', 'குமார் நேற்றா மதுரைக்குப் போனான்?', 'குமார் நேற்று மதுரைக்கா போனான்?' என மூன்று வேறு கேள்விகள் கேட்கலாம். மூன்றிலும் சொற்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

ஆங்கிலம் எதையும் ஒட்டுவதில்லை, இடம் மாற்றுகிறது. 'ஷி இஸ் ஸ்லீப்பிங்' என்றால் தகவல், 'இஸ் ஷி ஸ்லீப்பிங்?' என்றால் கேள்வி. எழுவாய்க்குப் பின்னால் நின்ற துணைவினை, டியூஷன் சென்டர் பாஷையில் 'ஹெல்பிங் வெர்ப்', எழுவாயைத் தாண்டி முன்னால் வந்துவிட்டது. ஆங்கிலக் கேள்விகளில் நாம் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் இந்த ஒரே தாண்டலில் இருந்து பிறப்பவைதான்.

இந்தத் தாண்டல் உலக வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மொழியியலாளர் மாத்யூ டிரையர் 955 மொழிகளில், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விகள் எப்படி அமைகின்றன என்று பட்டியலிட்டிருக்கிறார். 585 மொழிகள் நம் 'ஆ' போன்ற ஓர் இடைச்சொல்லைப் பயன்படுத்துகின்றன. 173 மொழிகள் சொல்லில் கைவைக்காமல் குரலை மட்டும் மாற்றுகின்றன. சொற்களை இடம் மாற்றிக் கேட்பவை வெறும் 13. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவில் இருப்பவை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கேள்வி கேட்கத் திணறுகிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. விசித்திரம் அந்தப் பக்கம்தான்.

அதிலும் பெரிய விசித்திரம் 'டூ' (do) என்ற துணைவினை. 'ஷி லைக்ஸ் காஃபி' என்ற வாக்கியத்தில் தாண்டிக் குதிக்கத் துணைவினையே இல்லை. பழைய ஆங்கிலத்தில் இது சிக்கலாக இல்லை, ஏனென்றால் முக்கிய வினையே முன்னால் போய்விடும். 'லைக்ஸ் ஷி காஃபி?' என்ற மாதிரி கேட்டிருப்பார்கள். ஆங்கிலத்தின் உறவுக்கார மொழியான ஜெர்மனில் இன்றும் அப்படித்தான்: 'ட்ரிங்கன் ஸீ காஃபே?', அதாவது 'குடிக்கிறீர்களா நீங்கள் காபி?'

15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'டூ' மெல்லத் தலைகாட்டத் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டில் வேகமெடுத்து, 1700 வாக்கில் ஏறக்குறைய இன்றைய நிலைக்கு வந்துவிட்டது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்வார் எலகார்ட் பழைய நூல்களைப் புரட்டி, எந்தக் காலத்தில் எத்தனை வாக்கியங்களில் 'டூ' வருகிறது என்று எண்ணி 1953இல் வெளியிட்டார். அதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. 'டூ' எல்லா வாக்கியங்களிலும் ஒரே வேகத்தில் பரவவில்லை. எதிர்மறைக் கேள்விகளில் சீக்கிரமே காலூன்றியது. சாதாரண வாக்கியங்களிலும், 'ஐ டூ ஈட்' என்கிற மாதிரி, எந்த அழுத்தமும் இல்லாமல் கொஞ்ச காலம் புழங்கிப் பார்த்தது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்து பின்வாங்கி, கேள்வியிலும் எதிர்மறையிலும் மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. ஏன் வந்தது என்பதில்தான் ஒருமித்த கருத்து இல்லை. பக்கத்து வேல்ஸ் மொழியின் பாதிப்பு என்கிறது ஒரு கட்சி, உள்ளுக்குள்ளேயே முளைத்தது என்கிறது இன்னொன்று.

இந்த 'டூ'வுக்குச் சொந்தப் பொருள் கிடையாது. தாண்டுவதற்கு ஆள் இல்லாதபோது கூலிக்கு அமர்த்திய ஆள், அவ்வளவுதான். ஆனால் ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு போகிறது. 'ஷி லைக்ஸ்' என்பதில் வினையின் வாலில் ஓர் 'ஸ்' இருக்கிறது. கேள்வியாக்கினால் 'டஸ் ஷி லைக்?' ஆகிறது. 'லைக்ஸ்' இழந்த அந்த 'ஸ்' எங்கேயும் தொலையவில்லை, 'டூ'வில் ஏறி 'டஸ்' ஆகிவிட்டது. இறந்தகாலமும் இப்படித்தான்: 'வென்ட்'டில் இருந்த காலம் 'டிட்'டுக்கு மாறிவிடுகிறது, மிஞ்சுவது வெறும் 'கோ'. 'டிட் யூ வென்ட்?' ஏன் தவறு என்று கேட்டால், 'டிட் வந்தால் வெர்ப்பின் முதல் வடிவம் போடணும்' என்று சொல்லிக்கொடுப்பார்கள். விதி சரி. காரணம், ஒரு வினைத்தொடரில் காலத்தை ஓர் இடத்தில்தான் காட்ட முடியும், அந்த இடத்தை 'டிட்' பிடித்துக்கொண்டது என்பது. இந்தக் காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

அடுத்து 'டபிள்யூ ஹெச்' கேள்விகள். இங்கே இரண்டு நகர்வுகள் நடக்கின்றன. வினாச்சொல் வாக்கியத்தின் தலைக்குப் போகிறது, கூடவே துணைவினையும் எழுவாயைத் தாண்டுகிறது: 'வேர் வில் யூ கோ?' நமக்கு 'நீ எங்கே போவாய்?' போதும், 'எங்கே' தன் இடத்திலேயே இருக்கும். நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் 'வேர் யூ ஆர் கோயிங்?' முதல் நகர்வைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்ட கேள்வி. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள சின்னக் குழந்தைகள் பலரும் இதே பாதி வழியில் கொஞ்ச காலம் நின்றுவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

'ஹூ ப்ரோக் தி க்ளாஸ்?' என்பதில் மட்டும் ஏன் 'டிட்' இல்லை? இங்கே 'ஹூ'தான் எழுவாய், அதுதான் கண்ணாடியை உடைத்த ஆள். ஏற்கெனவே வாக்கியத்தின் தலையில் அதுவே இருக்கிறது. தாண்ட வேண்டிய எழுவாய் வேறு யாரும் இல்லாததால் கூலிக்காரருக்கு வேலை இல்லை. 'ஹூ டிட் யூ சீ?' என்பதில் எழுவாய் 'யூ', 'ஹூ' பார்க்கப்பட்ட ஆள். அதனால் 'டிட்' வந்தே ஆக வேண்டும்.

சரி, ஒரு வாக்கியத்தில் இரண்டு துணைவினை இருந்தால் எது தாண்டும்? 'தி பாய் ஹூ இஸ் க்ரையிங் இஸ் ஹங்க்ரி.' அழுதுகொண்டிருக்கும் பையனுக்குப் பசி. இரண்டு 'இஸ்' இருக்கின்றன. 'முதலில் வருவதைத் தூக்கு' என்பது எளிய விதி, ஆனால் அதன்படி செய்தால் 'இஸ் தி பாய் ஹூ க்ரையிங் இஸ் ஹங்க்ரி?' என்ற குப்பை கிடைக்கும். சரியான கேள்விக்கு இரண்டாவது 'இஸ்' நகர வேண்டும், ஏனென்றால் முதலாவது 'பையன்' என்ற எழுவாய்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. அதாவது ஆங்கிலம் சொற்களை வரிசையில் எண்ணுவதில்லை, எந்தச் சொல் எந்தத் தொடருக்குள் இருக்கிறது என்று பார்க்கிறது. மொழியறிவின் அடிப்படை பிறவியிலேயே வருவது என்ற தன் வாதத்துக்கு மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி அடிக்கடி எடுத்துக்கொண்ட உதாரணம் இந்த வகைதான்.

இதைச் சோதித்துப் பார்க்க மொழி ஆய்வாளர்கள் ஸ்டீபன் கிரெய்னும் மினெஹாரு நாகயாமாவும் 1987இல் ஒரு விளையாட்டு வைத்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுள்ள 30 குழந்தைகளிடம் ஒரு பொம்மையைக் காட்டி, 'மிக்கி மவுஸைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன் சந்தோஷமாக இருக்கிறானா என்று இதைக் கேள்' என்றார்கள். குழந்தைகள் தப்பு செய்யாமல் இல்லை. 'இஸ்'ஸை முன்னால் போட்ட கையோடு பழைய இடத்திலும் இன்னொன்றை விட்டுவைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் முதல் 'இஸ்'ஸைப் பிடுங்கி முன்னால் போடும் அந்தத் தப்பை மட்டும் ஒருவரும் செய்யவில்லை. இது பிறவியிலேயே வரும் அறிவா, காதில் விழும் பேச்சிலிருந்து குழந்தை கணித்துக்கொள்வதா என்ற சண்டை இன்னும் நடக்கிறது. எனக்கு இரண்டாவது கட்சி மேல் கொஞ்சம் சாய்வு உண்டு, ஆனால் அந்த முப்பது பேரின் மௌனத்துக்கு அந்தக் கட்சி இன்னும் கொஞ்சம் உழைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

கேள்விக்குள் கேள்வி வரும்போது தாண்டல் ஒரு தடவைதான், அதுவும் வெளிவாக்கியத்தில். 'டூ யூ நோ வேர் ஹி இஸ்?' என்பதில் 'டூ' முன்னால் வந்தாயிற்று. உள்ளே இருப்பது வாக்கியத்தின் ஒரு பகுதி மட்டும், தனிக் கேள்வி அல்ல. அதனால் 'வேர் இஸ் ஹி' என்று புரட்டக் கூடாது.

பள்ளிப் பரீட்சையில் வரும் 'கொஸ்டின் டேக்' வேறு மாதிரி தெரிந்தாலும் அதே இயந்திரம்தான். வாக்கியத்தின் துணைவினையை எடுத்து, ஆம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆம் என்று திருப்பி, பிரதிப்பெயரோடு கடைசியில் ஒட்ட வேண்டும்: 'ஷி கேன் ஸ்விம், கான்ட் ஷி?' பரீட்சையில் கேட்காத ஒன்று குரல். கடைசியில் குரல் இறங்கினால் 'நான் சொல்வது சரிதானே' என்று ஆமோதிப்பை எதிர்பார்க்கிறார், ஏறினால் நிஜமாகவே கேட்கிறார். இந்தத் தலைவலிக்கு நம் ஊர் ஆங்கிலம் கண்ட தீர்வு எல்லாவற்றுக்கும் ஒரே 'இஸின்ட் இட்'. இலக்கண ஆசிரியர்கள் திட்டுவார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் 'நெஸ் பா' என்ற ஒரே வாலை வைத்து எல்லாவற்றையும் ஓட்டுகிறார்கள். நம் 'இல்லையா'வும் அந்த ரகம்தான்.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் நிஜமான குழப்பம் நடக்கும். 'டோன்ட் யூ வான்ட் காஃபி?' என்று கேட்கிறார் வெளிநாட்டு நண்பர். 'ஆமாம், வேண்டாம்' என்ற நினைப்பில் 'யெஸ்' என்கிறோம். கோப்பை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் கேட்டவரின் ஊகத்தைப் பார்ப்பதில்லை, பதிலில் வரப்போகும் வினையோடுதான் பொருந்தும். வேண்டுமென்றால் 'யெஸ்', வேண்டாமென்றால் 'நோ'. சந்தேகமாக இருந்தால் அந்தத் துணைவினையையும் சேர்த்து 'நோ, ஐ டோன்ட்' என்று சொல்லிவிடுங்கள், காபி வராது.